குட்டியின் காதைப் பற்றி

அன்புள்ள சின்னுவுக்கு,

போன வாரம் முழுக்க நீ போனை எடுக்கவில்லை. வேலை இருந்திருக்கும். நானும் மறுபடி கூப்பிடவில்லை. அன்றைக்கு நான் பேசியது உனக்கு இன்னும் ஆறவில்லை என்று தெரியும்.

குட்டிக்கு மூன்றாவது முறையாகக் காதுவலி வந்தபோது, பால் எதுக்களிப்பதால்தான் காதில் சீழ் வைக்கிறதா என்று கேட்டாய். கண்டதையும் படித்துவிட்டுப் பயப்படாதே என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அப்புறம் நானும் உட்கார்ந்து படித்தேன். நீ கேட்டதில் விஷயம் இருக்கிறது. மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகிறதாம். குழந்தைகளுக்கு அது குட்டையாகவும் அதிகம் சாய்வில்லாமல் படுக்கைவாட்டிலும் இருக்குமாம். வயிற்றிலிருந்து மேலே வருவது அதுவரை ஏறினால் குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளும், காதுக்குள் நீர் தேங்கும் என்கிறார்கள். 2002-இல் இங்கிலாந்தில் நியூகாசில் ஆய்வாளர்கள் குழந்தைகளின் நடுக்காதில் தேங்கிய நீரை எடுத்துச் சோதித்தபோது, பெரும்பாலானவற்றில் பெப்சின் இருந்திருக்கிறது. வயிற்றில் சுரக்கிற பொருள் காதில் இருந்திருக்கிறது. படித்ததும் உன்னிடம் அப்படிப் பேசியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

ஆனால் அதற்காக அந்த அமில மருந்தை நீயாக ஆரம்பித்துவிடாதே. மருந்து அமிலத்தைக் குறைக்கும், மேலே வருவதை நிறுத்தாது. அதைக் கொடுத்ததால் காதுவலி குறைந்தது என்று இதுவரை தெளிவாக நிரூபணமாகவில்லை. வயிற்று அமிலம் குறைந்தால் வேறு தொற்றுகள் வருவதும் உண்டு. சளி, பக்கத்தில் புகை பிடிப்பது, படுத்துக்கொண்டே புட்டிப்பால் குடிப்பது, காதுக்கு இவையெல்லாம்கூடக் காரணம்தான். பால் கொடுக்கும்போது நிமிர்த்தி வைத்துக்கொள். குடித்து முடித்ததும் அரைமணி நேரமாவது தோளில் வைத்திரு. தூங்கும்போது மட்டும் தலையணை வைத்து உயர்த்தாமல் மல்லாக்கப் படுக்க வை. இதெல்லாம் உனக்குத் தெரியும். மூன்று இரவு தூங்காமல் அவனைத் தூக்கிக்கொண்டே நடந்தாய் என்று மாப்பிள்ளை சொன்னார். என் பெண் என்று பெருமையாக இருந்தது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கோபமும் வந்தது.

சரி, சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு வீடியோவில் அவன் முதுகைக் காட்டிக்கொண்டு விளையாடினான். நான் நான்கு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. நீ கையைத் தட்டினாய், அதற்கும் திரும்பவில்லை. விளையாட்டில் இருக்கிறான் என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

உனக்கு நான்கு வயதில் அப்படித்தான் இருந்தது. கூப்பிட்டால் திரும்பமாட்டாய், சொன்னதைச் செய்யமாட்டாய். திமிர் என்று நினைத்தேன். ஒருநாள் மூன்று முறை கூப்பிட்டும் வரவில்லை என்று முதுகில் அடித்தேன். நீ திரும்பிப் பார்த்தாய். எதற்கு அடி விழுந்தது என்றே உனக்குத் தெரியவில்லை, அது முகத்தில் தெரிந்தது. ஆறு மாதம் கழித்துத்தான் இரண்டு காதிலும் நீர் கட்டியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். வலி இல்லாமலும் நீர் தேங்குமாம், காதுக்குள் பஞ்சு அடைத்ததுபோல் இருக்குமாம். உனக்குப் பேச்சு தாமதமானதும் அதனால்தான். நீயாகச் சரியானாய், எல்லாரும் மறந்துவிட்டார்கள். அடித்ததை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை.

அதனால்தான் அன்றைக்கு உன்மேல் எரிந்து விழுந்தேன். உன்னிடம் ஒரு குறையும் இல்லை, கண்ணு.

அவனைக் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் காட்டு. செவிப்பறை அசைகிறதா என்று பார்க்கும் சோதனை, காது கேட்கும் சோதனை இரண்டையும் செய்யச் சொல். வலிக்காது, சில நிமிடந்தான். பெரும்பாலும் மூன்று மாதத்தில் நீர் தானாக வற்றிவிடும் என்பதால் காத்திருந்து பார்க்கலாம் என்று சொல்லக்கூடும். சொன்னால் சரி. ஆனால் பார்க்காமல் காத்திருக்க வேண்டாம்.

எந்த நாள் போகிறாய் என்று மட்டும் எழுது. போனில் பேச வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. அவன் முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசு.

அம்மா