தவறான விடையைக் கரும்பலகையில் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாணவர்களுக்குக் கணக்கில் ஆர்வம் வரவைப்பது பற்றிப் பேச்சு எழுந்தாலே புதிர், விளையாட்டு, பரிசு என்றுதான் யோசனைகள் வருகின்றன. அவை இருக்கட்டும். ஆர்வம் வற்றுவது பெரும்பாலும் தவறான விடையைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போகும்போதுதான்.

1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் பிள்ளை ஏனோதானோவென்று எழுதவில்லை. மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறது. பின்னத்தை ஒரே எண்ணாகப் பார்க்காமல் இரண்டு முழு எண்களாகப் பார்ப்பதால் வரும் தவறு இது. உடனே மீச்சிறு பொது மடங்கு (கீழே இருக்கும் இரண்டு எண்களாலும் மீதியில்லாமல் வகுபடும் மிகச் சிறிய எண்) விதியைச் சொல்லிக்கொடுத்தால் அன்றைக்கு விடை சரியாக வரும். சில நாளில் விதி மறந்து 2/5 திரும்பிவிடும். அது ஏன் தவறு என்று பிள்ளைக்கு யாரும் காட்டவில்லையே!

யார் எழுதியது என்று சொல்லாமல் அந்த விடையைக் கரும்பலகையில் எழுதி, "இது அரையைவிடப் பெரிதா, சிறிதா?" என்று மட்டும் கேளுங்கள். கேட்டதும் முதலில் கை தூக்குபவரிடம் போகாமல் ஐந்து விநாடியாவது காத்திருங்கள். அவசரப்பட்டால் மெதுவாக யோசிப்பவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். 2/5 அரையைவிடச் சிறியது. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தபின் அரையைவிடக் குறையுமா? இந்த முரணை மாணவர்களே பிடிக்க வேண்டும்.

பிறகு கட்டம் போட்ட தாளில் 10 கட்ட நீளத்துக்கு ஒரு பட்டையை வெட்டச் சொல்லுங்கள், வேண்டுமென்றேதான். பாதி 5 கட்டம். மூன்றில் ஒன்று எடுக்கப் போனால் கட்டம் உடையும். எத்தனை கட்டம் இருந்தால் இரண்டாகவும் மூன்றாகவும் பிரியும் என்று அவர்களே தேடட்டும். 12 என்பார்கள்: 6-ம் 4-ம் சேர்ந்து 10/12, சுருக்கினால் 5/6. 6 கட்டமே போதும் என்று ஒருவர் சொன்னால், மீச்சிறு பொது மடங்கு அங்கேயே வந்துவிட்டது.

வீட்டுப்பாடத்துக்கு ஒரே மாதிரி 20 கணக்கு வேண்டாம். எட்டு போதும்: சிலவற்றில் பகுதி (பின்னத்தின் கீழ் எண்) ஒன்றாகவும் சிலவற்றில் வேறாகவும் இருக்கட்டும், இரண்டு கழித்தல், ஒன்று ஏற்கெனவே தவறாகப் போட்ட கணக்கு. எந்த வழி பொருந்தும் என்று அப்போதுதான் யோசிப்பார்கள்.

பட்டையையே பிடித்துக்கொண்டும் இருக்கக்கூடாது. ஒருநாள் 3/7 + 2/11 கொடுங்கள். 77 கட்டம் வரைய யாருக்கும் பொறுமை இருக்காது; விதி எப்போது வரும் என்று அவர்களே கேட்பார்கள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்