மாநில எல்லையும் கைத்துப்பாக்கியும்

நேப்பர்வில், இல்லினாய்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அக்கா முழங்கால் ஆபரேஷன் முடிந்து நடமாடுகிறார் என்று படித்ததும்தான் எங்களுக்கு நிம்மதி. கார்த்திக்கு இண்டியானா மாநிலத்துப் பர்டூ பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். "அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் கடையில் துப்பாக்கி வாங்கலாமாமே, பிள்ளையை எப்படி அனுப்புவது?" என்று கேட்டிருக்கிறாய். பயப்படாதே என்று ஒரு வரியில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்பது சரியில்லை. மாணவர் விசாவில் இருப்பவருக்கு, வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, விற்கவே கூடாது. கைத்துப்பாக்கி என்றால் இன்னும் கறார். இங்கிருந்து ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் இண்டியானா. அங்கே கடையில் நான் பணம் கட்டலாம், ஆனால் வெளி மாநிலத்தான் என்பதால் கையோடு எடுத்துவர முடியாது. கடைக்காரர் அதை இல்லினாயில் உள்ள லைசென்ஸ் கடைக்கு அனுப்ப வேண்டும். இங்கே வாங்குபவர் நிரப்பும் 4473 என்ற மத்திய அரசுப் படிவம், பின்னணிச் சோதனை, துப்பாக்கி வைத்திருக்க எங்கள் மாநிலம் தரும் ஃபாய்ட் அடையாள அட்டை, 72 மணி நேரக் காத்திருப்பு எல்லாம் முடிந்த பிறகுதான் கைக்கு வரும். ரைஃபிளையும் ஷாட்கன்னையும் இரண்டு மாநிலச் சட்டமும் இடம் கொடுத்தால் அங்கேயே வாங்கிவிடலாம், 1986இல் தளர்த்திவிட்டார்கள். கைத்துப்பாக்கிக்கு மட்டும் அந்தத் தளர்வு இல்லை. இடுப்பில் செருகி மறைக்க முடிந்தது அதுதானே.

இந்தச் சட்டம் சும்மா வரவில்லை. 1963இல் ஜனாதிபதி கென்னடியைச் சுட்டுக்கொன்ற ஆஸ்வால்ட், டல்லாஸில் இருந்துகொண்டே, பொய்ப் பெயரில், சிகாகோவிலிருந்து ரைஃபிளையும் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ரிவால்வரையும் தபாலில் வரவழைத்தான். அதன் பிறகும் ஐந்து வருடம் இழுத்தடித்தார்கள். மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சாக வேண்டியிருந்தது. 1968 அக்டோபரில்தான் ஜனாதிபதி ஜான்சன் இந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். உங்கள் தாத்தா தேர்தல் வந்தால் ரெட்டைக்குழலை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருவாரே, அப்படியொரு வழக்கத்தை இங்கே யாரிடமும் பேசக்கூட முடியாது.

வெளி மாநிலக் கடையில் கைத்துப்பாக்கி வாங்கக் கூடாது என்ற இந்தத் தடை செல்லாது என்று 2015இல் டெக்சாஸ் நீதிபதி ஒருவர் சொன்னார். சோதனைதான் இப்போது உடனுக்குடன் நடக்கிறதே, எந்த மாநிலக் கடையிலும் செய்யலாமே என்பது வழக்குப் போட்டவர்களின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஐம்பது மாநிலச் சட்டங்களையும் ஒரு கடைக்காரர் எப்படி அறிவார்? மேல்முறையீட்டில் 2018இல் அந்தத் தீர்ப்பு தள்ளுபடியானது. 2020இல் உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுக்கவில்லை. சரியாகத்தான் செய்தார்கள்.

என் கவலை வேறு. சிகாகோ நகராட்சியின் 2017 அறிக்கைப்படி, குற்றங்களில் பிடிபட்ட துப்பாக்கிகளில் ஐந்தில் ஒரு பங்கு இண்டியானாக் கடைகளில் முதலில் விற்றவை. அந்த ஊர்க்காரன் பினாமியாக வாங்குகிறான், எல்லைக்கு இந்தப் பக்கம் கைமாற்றுகிறான். 2021 ஆகஸ்ட்டில் சிகாகோவில் 29 வயதுப் பெண் போலீஸ் அதிகாரி ஒருவரைக் கொன்றது, இண்டியானாவின் ஹாமண்ட் ஊரில் இப்படி வாங்கிய துப்பாக்கிதான். மறு வருடம் பினாமிக் கொள்முதலையே தனி மத்தியக் குற்றமாக்கி, 15 வருடம் வரை சிறை என்றார்கள். ஆனால் தனியார் இருவருக்குள் நடக்கும் விற்பனைக்கு மத்தியச் சட்டத்தில் இன்னும் பின்னணிச் சோதனை கிடையாது. வெளி மாநிலத்தான் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கத் தக்க காரணம் இருந்தோ விற்றால்தான் குற்றம். கேட்காமலே விற்றுவிட்டால் நிரூபிப்பது யார்?

இல்லினாய் மட்டும் கதவைச் சாத்தி என்ன பயன்? வாஷிங்டனில்தான் மாற வேண்டும். அதைத்தான் எங்கள் செனட்டருக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், எழுதுவேன்.

கார்த்தியின் டிக்கெட் தேதியைச் சொல். கம்பளிக் கோட்டு அங்கே வாங்காதே, இங்கே பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
முருகன்