ரீமிக்ஸின் தகவல் வரி பற்றி இசைத்தளப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பாடல் பட்டியல்களில் ரீமிக்ஸ்களுக்கு அருகே டெம்போ (வேகம்), கீ (பாடல் அமைந்த சுருதி), மூட் (மனநிலை) என்ற மூன்று விவரங்களைத் தருகிறீர்கள். அடுத்த பாடலைத் தேர்ந்தெடுக்கும் டிஜேயும் ஒத்திகைக்குப் பாடல் தேடும் நடன ஆசிரியரும் பாடலைக் கேட்பதற்கு முன்பே பார்ப்பது இந்த வரியைத்தான். ஹிப்-ஹாப் நடன ரீமிக்ஸ்களைப் பொறுத்தவரை இதை மென்பொருளின் கணிப்புக்கு மட்டும் விட்டுவிடாமல், ரீமிக்ஸ் செய்தவரே நிரப்பவும் திருத்தவும் வழி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மென்பொருள் 140 பிபிஎம் (நிமிடத்துக்கு 140 அடிகள்) என்று காட்டும் பாடலை ஆடுபவர் 70 என்று எண்ணக்கூடும். ஒரே தாளத்தைக் கீழ்க்காலத்திலும் மேல்காலத்திலும் போடுவது போல இரண்டுமே கணக்கில் சரிதான். ஆட்டத்துக்கு அவை ஒன்றல்ல. எப்படி எண்ணுவது என்பதை ஸ்நேர் எனும் கூர்மையான டிரம் அடி விழும் இடமே தீர்மானிக்கிறது. 140-இல், நான்கு அடிகள் கொண்ட ஒவ்வொரு பாரிலும் (சுற்றிலும்) இரண்டாம், நான்காம் அடிகளில் ஸ்நேர் விழுந்தால் இரண்டுக்கும் இடையே ஒரு விநாடிகூட இராது. மூன்றாம் அடியில் மட்டும் விழுந்தால் அந்த இடைவெளி ஏறத்தாழ 1.7 விநாடியாக விரியும். உடலைத் தாழ்த்தி, தோளை ஒரு கணம் நிறுத்தி, பிடிவாதமாகத் தாமதித்து எழும் அசைவுகளுக்கு அந்த விரிவுதான் இடம் தருகிறது. மேலே ஓடும் ஹை-ஹேட் எனும் சிறு தாளத்தட்டின் ஒலியை மட்டும் கேட்டால் இது புரியாது.

டெம்போவை மாற்றும்போது மற்ற இரண்டும் அசையாமல் இருப்பதில்லை. 96 பிபிஎம்மில் உள்ள ராப் பாடலை 128-க்கு ஏற்றி ஹவுஸ் எனும் நடன இசைப் பாணியில் அமைப்பதாகக் கொள்வோம். இசைத்தட்டை வேகமாகச் சுழற்றுவது போல ஏற்றினால், விகிதம் 4:3 என்பதால், ஏ மைனர் ஐந்து அரைச்சுரங்கள் ஏறி டி மைனரில் போய் நிற்கும். பாடியவரின் குரலும் கீச்சென்று ஆகிவிடும். சுருதியைப் பூட்டிவிட்டு வேகத்தை மட்டும் கூட்டலாம்தான். ஆனால் ஒவ்வோர் அடிக்கும் நான்கு அசைகள் வீதம், விநாடிக்கு ஆறரைக்குச் சற்றுக் குறைவாக வந்துகொண்டிருந்த அசைகள் இப்போது எட்டரையாகிவிடும். சொற்கள் ஒன்றோடொன்று முட்டும், கோபமாகச் சொன்னது பதற்றமாக ஒலிக்கும். தேர்ந்த ரீமிக்ஸர் பலர் முழுச் சரணத்தையும் எடுத்துக்கொள்ளாமல் ஓரிரு வரிகளை மட்டும் வெட்டி எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கீயைக் கணிப்பதும் எளிதன்று. ராப்பில் நீண்டு நிற்கும் சுரம் குறைவு. 1980-இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 டிரம் கருவியின் வழிவந்த பேஸ் (தாழ்சுர) ஒலியோ சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்கிறது. ஏ மைனரும் சி மேஜரும் ஒரே ஏழு சுரங்களைப் பகிர்வதால் மென்பொருள் ஒன்றை மற்றொன்றாகக் காட்டிவிடலாம். ஒத்துப்போகும் கீகளை டிஜேக்களுக்குக் காட்டும் கேம்லாட் சக்கரத்தில் இவை 8ஏ, 8பி என்று அருகருகே இருப்பதால் டிஜேக்கு அதில் பெரிய நட்டமில்லை. ஆனால் பழைய தட்டிலிருந்து எடுத்த சாம்பிளை (இசைத்துண்டை), சுருதியைப் பூட்டாமல், 3 விழுக்காடு வேகப்படுத்தியிருந்தால் அது அரைச்சுரத்தில் பாதி தூரம் ஏறி அடுத்தடுத்த இரண்டு கீகளுக்கு நடுவில் நிற்கும். அதைக் குறிக்க உங்கள் படிவத்தில் கட்டமே இல்லை. ஏதோ ஒரு கீயின் பெயர்தான் தயக்கமின்றி அச்சாகிறது.

மூட் கட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அதை எடுத்துவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. மைனர் என்றால் சோகம், வேகம் என்றால் மகிழ்ச்சி என்ற கணக்கு நடன ரீமிக்ஸில் நிற்பதில்லை. பேஸ் முழுவதும் விலகிக் குரல் மட்டும் தனித்து ஒலிக்கும் எட்டு பார்களும், அதன் பின் கிக் எனும் கனத்த டிரம் அடி மீண்டும் இறங்கும் இடமும் ஒரே மூட் அல்ல. அந்தக் கட்டம் இருந்தே ஆகவேண்டுமென்றால் ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக இரண்டு வரிகள் எழுத இடம் கொடுங்கள்.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது என்பது தெரியும். முதற்கட்டமாக, ஒவ்வொரு விவரத்துக்கும் அருகே அது மென்பொருள் கணித்ததா, ரீமிக்ஸ் செய்தவர் கொடுத்ததா என்று குறிப்பிடுங்கள். டெம்போவில் பாதிக் கணக்கையும் இரட்டைக் கணக்கையும் சேர்த்தே காட்டுங்கள்.

இப்படிக்கு,
நடனங்களுக்கு இசை தொகுக்கும் ஒருவர்