ஓவியரின் காத்திருப்பையும் படமெடுங்கள்

அன்புள்ள முருகேசனுக்கு,

நலம். உங்கள் கடிதம் கிடைத்தது. அந்த முதிய ஓவியர் தம் வேலை அறைக்குள் கேமராவை அனுமதித்துவிட்டார் என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். கேமராவை எங்கே வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். அதை மனத்தில் வைத்துக்கொண்டு சில பழைய படங்களை மீண்டும் பார்த்தேன்.

1955இல் பிரான்சின் நீஸ் நகரத்து ஸ்டூடியோவில் ஓவியர் பிக்காசோவைப் படமெடுத்த பிரெஞ்சு இயக்குநர் க்ளூஸோ, மறுபக்கம் ஊறித் தெரியும் மையைக் கொடுத்து வரையச் சொல்லி, கேமராவைத் தாளுக்குப் பின்னால் நிறுத்தினார். கையே தெரியாமல் கோடுகள் தாமாக முளைத்து வருவது இன்றும் உடலைச் சிலிர்க்க வைக்கிறது. ஆயினும் ஓவியர் எங்கே தயங்கினார், தயங்கியபோது அவர் கண் எங்கே சென்றது என்பதையெல்லாம் அந்தத் தாளே மறைத்துவிடுகிறது. 1950இல் அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கைக் கண்ணாடித் தகட்டின் மேல் வரையச் செய்து அடியிலிருந்து படமெடுத்தார் புகைப்படக் கலைஞர் ஹான்ஸ் நமூத். விளக்குகளுக்குப் பணமில்லாததால் படப்பிடிப்பு வெட்டவெளியில், குளிரில் நடந்தது. அது முடிந்த அன்றே, ஏறத்தாழ இரண்டாண்டுகளாகக் குடியை விட்டிருந்த பொல்லாக் மீண்டும் குடித்தார். படம்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கேமராவுக்காகத் தொடங்கி, கேமராவுக்காக நிறுத்தி வரைவது எந்த ஓவியருக்கும் கொடுமைதான்.

என் மனம் நிற்பது ஸ்பானிய இயக்குநர் விக்டர் எரிஸேயிடம். 1990ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், மாட்ரிட் நகரில் ஓவியர் அன்டோனியோ லோப்பஸ் தம் வீட்டு முற்றத்துக் குவின்ஸ் என்னும் பழமரத்தை வரைந்ததை அவர் படமாக்கினார். லோப்பஸ் தாம் நிற்கும் இடம் மாறாதிருக்கக் கால் நுனிகளுக்கு நேரே தரையில் ஆணி அடிக்கிறார். கொத்தனாரைப் போலத் தூக்குக்குண்டு கட்டுகிறார். இலைகளிலும் பழங்களிலும் வெள்ளை வண்ணத்தால் குறியிடுகிறார். பழங்கள் பருத்துக் கிளைகள் தாழத் தாழ அந்தக் குறிகளும் இறங்குகின்றன. அவர் விரும்பிய வெயிலோ சிறிது நேரமே வருகிறது, மழை நாட்களில் அதுவும் இல்லை. கடைசியில் எண்ணெய் ஓவியத்தைக் கைவிட்டுப் பென்சிலை எடுக்கிறார். அந்தச் சித்திரமும் முடியுமுன் பழங்கள் உதிர்ந்துவிடுகின்றன. முடிவுபெறாத ஒரு வேலையை இத்தனை மரியாதையுடன் பார்த்த படம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஓவியரை அவசரப்படுத்தாமல், அவர் காத்திருந்தபோதெல்லாம் எரிஸேயும் உடன் காத்திருந்ததால் அமைந்த படம் அது.

ஆகவே கேமராவைப் பக்கவாட்டில், ஓவியரின் முகமும் அவர் பார்க்கும் பொருளும் ஒருசேரத் தெரியும்படி வையுங்கள். அறையில் இருக்கும் வெளிச்சத்தையே பயன்படுத்துங்கள். விளக்கைக் கூட்டினால் அவர் கலக்கும் வண்ணமே வேறாகிவிடும். அவர் தூரிகையைக் கீழே வைத்தவுடன் கேமராவை அணைத்துவிடாதீர்கள்.

அந்த அறையின் சன்னல் எந்தத் திசை பார்த்திருக்கிறது, அவர் எந்த வேளையில் வரைகிறார் என்று எழுதுங்கள். வெட்டித் தொகுக்குமுன் முதல் நாள் காட்சிகளை அப்படியே எனக்கு அனுப்பினால், முழுவதையும் பொறுமையாகப் பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
இராமநாதன்