அந்த ‘ழி’யை நிமிர்த்த வேண்டாம், தம்பி

சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

நீ சரிசெய்து அனுப்பிய நான்காவது பாட்டு வியாழக்கிழமையே வந்துவிட்டது. உடனே பதில் போடவில்லை என்று வருத்தப்படாதே. தனியாகக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. நேற்று நம் இசைக்குழுவில் எல்லாரும் காக்கி புக்கிட்டில் நாங்கள் கட்டிய ஒலிப்பதிவு அறைக்கு வந்த பிறகு பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். முதல் தடவை முடிந்ததும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டாவது தடவை முடிந்த பிறகு கிட்டார் சித்தப்பா, “பிள்ளை ராத்திரி தூங்காம வேலை பார்த்திருக்கான்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மெல்பர்னில் நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து, அம்மாவின் பாட்டுக்காக நீ உட்கார்ந்திருந்த நேரம் அதில் தெரிந்தது.

ஆனாலும் அந்தப் பாட்டை அப்படியே நம் இசைத்தட்டில் போட எனக்குச் சம்மதமில்லை. போனில் சொன்னால் நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்று சொல்வேன், பேச்சு எங்கேயோ போய்விடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில், நீ செய்ததில் எது இருக்கட்டும் என்று சொல்லிவிடுகிறேன். கிட்டாருக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்ததல்லவா, அதை எடுத்தது பெரிய உதவி. நம்மூர் மின்சாரம் நொடிக்கு 50 தடவை அலைகிறது, அதுதான் ஒயர் வழியாக உள்ளே வந்து ஒலிக்கிறது என்று நீ சொன்ன அன்றைக்கே சித்தப்பா எல்லா பிளக்கையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பாதி இரைச்சல் அதிலேயே அடங்கிவிட்டது. மீதியையும் நீ வழித்து எடுத்துவிட்டாய். ‘ப’ வரும் இடங்களில் என் மூச்சு மைக்கில் முட்டியதையும் தணித்திருக்கிறாய். இனிமேல் ஒரு சாண் தள்ளி நின்று பாடுகிறேன்.

இப்போது அந்த ‘ழி’க்கு வருகிறேன்.

“பதினோராம் மாடியிலே ஒரு சன்னல் விழித்திருக்கு” என்ற வரியில் ‘விழித்திருக்கு’ எங்கே வருகிறது என்று உனக்குத் தெரியும். அந்த ‘ழி’யில் காந்தாரத்தை, அதாவது ‘க’ ஸ்வரத்தை, பிடித்து ஆட்டித்தான் நான் இறங்குகிறேன். அந்த இடம் தோடி ராகம். தோடியில் காந்தாரத்தின் மேல் போய் நேராக நின்றுவிட முடியாது. கீழே ரிஷபத்தைத் தொட்டு, மேலே மத்தியமத்தைத் தொட்டு, இரண்டுக்கும் நடுவே ஊசலாடினால்தான் அதற்குக் காந்தாரம் என்று பெயர். சிஃபாஸ் என்ற இந்திய நுண்கலைக் கழகத்தில் பாட்டு கற்ற காலத்தில் எங்கள் ஆசிரியர் இந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் வாரக்கணக்கில் பாட வைத்தார். “நிக்காதே, நிக்காதே” என்று தொடையில் தட்டிக்கொண்டே இருப்பார்.

போன வாரம் வீடியோவில் உன் திரையைக் காட்டினாயே, அதில் என் குரல் குமிழ் குமிழாகவும், ஒவ்வொரு குமிழுக்குள்ளும் ஒரு கோடு அலை அலையாகவும் தெரிந்தது. ‘ழி’க்கு வந்ததும் அந்த அலையை நீ இழுத்து நேராக்கிவிட்டாய். “இப்ப சுத்தமா இருக்கும்மா” என்றாய். சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சன்னல் மூடிக்கொண்டது. இராத்திரி வேலை முடித்து உன் அப்பா வரும் வரைக்கும் விளக்கைப் போட்டு வைத்துக்கொண்டு நான் நின்ற சன்னல் அது. நிற்கிறவளின் தவிப்பு முழுவதும் அந்த ஆட்டத்தில்தான் இருந்தது.

குரலைச் சுருதிக்கு இழுக்கும் மென்பொருளை 1997இல் கொண்டுவந்தவர், அதற்கு முன்னால் எண்ணெய் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க நிலத்துக்குள் அலைகளை அனுப்பி ஆராய்ந்த பொறியாளர் என்று நீதானே சொன்னாய்? எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. பூமிக்கு அடியில் இருப்பதைக் கேட்கத் தெரிந்த மூளை அது. ஆனாலும் அந்தக் கருவிக்கு நாம் கொடுக்கிற அளவுகோல் கீபோர்டின் பன்னிரண்டு கட்டைகள்தானே. காந்தாரத்தில் உயர்ந்த வகையான அந்தர காந்தாரத்தையே எடுத்துக்கொள், கீபோர்டில் இருப்பது தம்புராவில் தானாக எழுந்து வரும் அந்தர காந்தாரத்தைவிட 14 சென்ட் ஏறித்தான் இருக்கிறது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே இருப்பதே 100 சென்ட். அசையாமல் நிற்கிற ஸ்வரத்துக்கே இந்தக் கதி. ஊசலாடுகிற ஸ்வரத்தை அதனிடம் கொடுத்தால் அது பாவம் என்ன செய்யும்?

நீ கேட்ட கேள்வி எனக்கு மறக்கவில்லை. “1984 கேசட்டில் வந்த தப்பை நினைச்சு நாப்பது வருஷமா வருத்தப்படுறீங்க. இப்ப நான் திருத்திக் கொடுத்தா வேண்டாம்ங்கிறீங்க. ஏம்மா?” என்றாய். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

அந்தக் கேசட்டின் கதையை நீ துண்டு துண்டாகத்தான் கேட்டிருப்பாய். குழு தொடங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. சமூக மன்றங்களிலும் கல்யாணங்களிலும் சினிமாப் பாட்டுப் பாடிச் சேர்த்த காசு. எட்டுச் சொந்தப் பாட்டுகள் கையில் இருந்தன. ஒலிப்பதிவுக்கூடத்துக்கு மணிக்கணக்கில் வாடகை. இராத்திரி பத்துக்கு மேல் குறைவு என்பதால் இரண்டு இராத்திரிகளை எடுத்தோம். வாத்தியங்களைப் பதிந்து முடிக்கவே முக்கால்வாசி நேரம் ஓடிவிட்டது. என் முறை வரும்போது இரண்டாம் இராத்திரி மணி மூன்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாவது பாட்டில் ‘காத்திருந்தேன்’ என்ற சொல் வருகிறது. ‘காத்தி’ என்பதோடு எனக்கு மூச்சு தீர்ந்துவிட்டது. ஒரு வாய் மூச்சை இழுத்துவிட்டு ‘ருந்தேன்’ என்று முடித்தேன். “இன்னொரு தடவை பாடுகிறேன்” என்று கேட்டேன். “நேரம் முடிஞ்சது, இது யாருக்கும் தெரியாது” என்று சொல்லி நாடாவைச் சுற்றிவிட்டார்.

யாருக்கும் தெரியாதா? சில வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் சின்னப் பெண் ஒருத்தி என்னை மகிழ்விக்க அந்தப் பாட்டைப் பாடினாள். நல்ல குரல். அந்த இடம் வந்ததும் ‘காத்தி’ என்று நிறுத்தி, மூச்சை இழுத்து, ‘ருந்தேன்’ என்றாள். மூச்சு தீர்ந்து அல்ல. பாட்டே அப்படித்தான் என்று கேசட்டைக் கேட்டுப் பாடம் செய்திருக்கிறாள். நான் கைதட்டினேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

தம்பி, அன்றைக்கு யாராவது ஒரு பொத்தானை அழுத்தி அந்த மூச்சை மறைத்துக் கொடுத்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும் என்று நீ நினைக்கிறாய். இல்லையப்பா. எனக்கு வேண்டியிருந்தது இன்னொரு தடவை. நின்று, தண்ணீர் குடித்து, மூச்சைச் சேர்த்துக்கொண்டு நானே சரியாகப் பாட ஒரு தடவை. அது கிடைக்காமல் போனதைத்தான் இத்தனை வருஷம் சுமந்தேன்.

இந்த அறையைக் கட்டியதே அதற்குத்தான். 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது ஆளுக்கொரு போனில் பாடி, வாசித்து அனுப்பி ஒட்டிப் பார்த்தோம். நீதான் ஒட்டிக் கொடுத்தாய். அப்போது ஒருவரை ஒருவர் கேட்காமல் வாசிப்பது எவ்வளவு கடினம் என்று புரிந்தது. உணவகங்களில் நேரடி இசைக்கு மறுபடி இடம் கிடைக்க 2022 மார்ச் கடைசி ஆகிவிட்டது. அதற்குள் எங்களில் மூன்று பேர் விலகிவிட்டார்கள். மீதி ஐந்து பேரும் இனி கல்யாணக் கச்சேரி வேண்டாம், சொந்தப் பாட்டு மட்டும் என்று உட்கார்ந்து முடிவெடுத்தோம். வாடகையை ஐந்தாகப் பிரித்துக்கொள்கிறோம். என் மத்திய சேம நிதி ஓய்வுக்காலப் பணத்தைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

போன தடவை நீ வந்தபோது அறை பாதிதான் முடிந்திருந்தது. சித்தப்பா கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் வெல்டிங் பார்த்தவர். சட்டங்களை அவரே செய்தார். முட்டை அட்டையை ஒட்டினால் போதும் என்று தபேலா மாமா சொல்லிக்கொண்டிருந்தார். அது வெளிச் சத்தத்தைத் தடுக்காது, கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும்தான் தடுக்கும் என்று நீ படம் வரைந்து அனுப்பியதால் தப்பித்தோம். இரட்டைப் பலகை, நடுவில் ராக்வூல் பஞ்சு, கதவைச் சுற்றி ரப்பர். மூலைகளில் தாழ்ந்த சத்தம் போய்த் தேங்கும் என்றாயே, அங்கே கைமுட்டி வரைக்கும் தடிமனாக அடைத்தோம். இப்போது நடுவில் நின்று கைதட்டினால் ‘டப்’ என்று அங்கேயே முடிந்துவிடுகிறது. சரக்கு மின்தூக்கி மட்டும் இன்னும் கேட்கிறது. ஆகவே எங்கள் டேக், அதாவது பதிவு எல்லாம் மாலை ஏழு மணிக்கு மேல்தான்.

அந்த அறையில் எனக்கு மிகவும் பிடித்தது எது தெரியுமா? தபேலாவுக்காகக் காத்திருக்கிற நேரம். நடைபாதையில் ஈரக்காற்று. உள்ளே ஏசி. தபேலாவைக் கொண்டுவந்து வைத்தால் தோல் மெல்லக் காய்ந்து இறுகிச் சுருதி ஏறிக்கொண்டே போகும். அதனால் இரண்டு மணி நேரம் முன்பே ஏசியைப் போட்டு, வாத்தியத்தையும் உள்ளே வைத்துவிடுவோம். பிறகு மாமா சின்னச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றித் தட்டித் தட்டி என் சுருதிக்குக் கொண்டுவருவார். ஒரு பக்கம் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், எதிர்ப்பக்கம் தட்டுவார். பதிவு தொடங்கும்போது ஏசியை நிறுத்த வேண்டும், அதன் இரைச்சல் மைக்கில் விழும். நிறுத்தினால் ஈரம் திரும்பி வந்து தோல் தளர ஆரம்பிக்கும். அந்த இருபது நிமிஷத்துக்குள் இரண்டு டேக், மிஞ்சினால் மூன்று. மறுபடி ஏசி, மறுபடி காத்திருப்பு, ஃபிளாஸ்க்கில் கோப்பி, பேச்சு. ‘விழித்திருக்கு’ வரியை நான் மூன்று சனிக்கிழமை பாடினேன், தம்பி. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நீ நேராக்கிய அந்த ‘ழி’ மூன்றாவது சனிக்கிழமை வந்தது.

என் குரல் பழைய குரல் இல்லை என்று எனக்குத் தெரியும். கேசட்டில் ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடினேன், இப்போது நாலரைக்கு இறங்கிவிட்டேன். மேல் ஸ்தாயியில் ஒரு கரகரப்பு விழுகிறது. அதை நீ தொடாமல் விட்டிருக்கிறாய், அது எனக்கு மிகவும் நிறைவு.

தபேலாவின் வேகத்தைப் பற்றி இங்கே இரண்டு கருத்து. நிமிஷத்துக்கு 92 தட்டு என்று ஆரம்பித்த பாட்டு கடைசிப் பல்லவியில் 96க்குப் போகிறது என்று கட்டம் கட்டமாகச் சமப்படுத்தியிருந்தாய். சித்தப்பாவுக்கு உன்னுடையதுதான் பிடித்திருக்கிறது. எனக்கு இல்லை. நான் மேலே ஏறும்போது மாமா பின்னாலிருந்து தள்ளிவிடுகிறார். அவர் தள்ளாவிட்டால் நான் ஏற மாட்டேன். ஆனால் இரண்டாம் சரணத்தில் இரண்டு இடங்களில் இடது கை பிந்திவிட்டது, அது உண்மை. மாமாவே ஒத்துக்கொண்டார். 71 வயதில் விரல் மூட்டு வலியோடு வாசிக்கிறார். “மெஷின் வேணாம், நானே திருப்பி அடிக்கிறேன்” என்கிறார். வருகிற சனிக்கிழமை அந்தச் சரணத்தை மட்டும் எடுக்கிறோம்.

ஆகவே இரைச்சல் எடுத்த பதிப்பை மட்டும், குரலையும் தாளத்தையும் தொடாமல் திருப்பி அனுப்பு. மிக்ஸ் முழுக்க உன் பொறுப்பு, அதில் யாரும் தலையிட மாட்டோம்.

ஒன்பதாவது பாட்டில் ஓர் ஆண் குரல் வேண்டும். மெட்டை நேற்று உனக்கு அனுப்பியிருக்கிறேன், நாலு வரிதான். அங்கிருந்தே பாடி அனுப்புகிறேன் என்று சொல்லாதே. டிசம்பரில் வரும்போது என் பக்கத்தில், அதே மைக்கில் நின்று பாடு. எந்தச் சனிக்கிழமை இருப்பாய் என்று மட்டும் முன்கூட்டியே சொல். மாமா ஐந்து மணிக்கே போய் ஏசியைப் போட்டு வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா