பர் கோட்டைக்குப் போய் வந்த பிறகு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஊர் வந்து சேர்ந்து பதினோரு நாள் ஆகிறது. அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அக்கா பிள்ளைகளோடு வந்திருந்தாள், நீ கொடுத்துவிட்ட சாக்லேட்டைப் பிரித்துக் கொடுத்தோம். மாடியில் புதிதாகக் குடி வந்தவர்கள் நல்ல மாதிரி. அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள்.

போனில் கூப்பிட்டால் இரண்டு நிமிடத்தில் "சரிப்பா, மீட்டிங் இருக்கு" என்கிறாய். எனக்கும் போனில் பேச வராது, உனக்கே தெரியும். அதனால்தான் பேனாவை எடுத்தேன். இதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி அக்கா மகனிடம் கொடுக்கப் போவதில்லை, தபாலில்தான் போடுகிறேன். நீ மட்டும் படி.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அந்த அயர்லாந்துக் காற்று காதுக்குள் புகுகிற காற்று. குல்லா இல்லாமல் வெளியே போகாதே.

பர் கோட்டைக்கு எங்களைக் கூட்டிப்போனாயே, அதைப் பற்றி எழுத வேண்டும் என்று வந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். டப்ளினிலிருந்து காரில் இரண்டு மணி நேரம், வழியெல்லாம் தூறல். அன்றைக்குப் புதன்கிழமை. எப்படி லீவு கிடைத்தது என்று கேட்டேன். "கிடைச்சுதுப்பா" என்றாய். அதற்கு முந்தின திங்களும் எங்களோடுதான் இருந்தாய். நல்ல கம்பெனிதான் போல, கேட்டதும் லீவு கொடுக்கிறார்கள்.

டிக்கெட் வாங்கும் இடத்தில் முதல் கார்டு வேலை செய்யவில்லை, இரண்டாவதை எடுத்தாய். மெஷின் கோளாறு என்றாய். மெஷின் என்றால் அப்படித்தான்.

கோட்டை என்றதும் நான் செஞ்சி மாதிரி ஒன்றை மனதில் வைத்திருந்தேன். அங்கே பார்த்தால் குடும்பம் இன்னும் குடியிருக்கிற வீடு. 1620 முதல் அதே பார்சன்ஸ் குடும்பம், ஊருக்கே முன்பு பார்சன்ஸ்டவுன் என்று பெயர் என்று நீ சொன்னாய். உங்கம்மாவுக்குத் தோட்டம்தான் பிடித்தது. ஆற்றின் மேல் தொங்குகிற அந்தக் கம்பிப் பாலத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் பாக்ஸ் என்கிற செடியை வளர்த்த அந்த வேலி. நம் வாசல் மருதாணி மாதிரி இத்துனூண்டு இலை, ஆனால் தென்னை மர உயரம். நட்டு 300 வருஷத்துக்கு மேல் ஆகிறது, உலகத்திலேயே உயரமான பாக்ஸ் வேலி என்று கின்னஸில் இருக்கிறது என்றாய். இரண்டு பக்கமும் பச்சைச் சுவர், நடுவில் நடந்தால் மழைச் சத்தம்கூடக் கேட்கவில்லை. "இத்தனை வருஷமா யாரோ கத்திரி போட்டுக்கிட்டே இருந்திருக்காங்க பாருங்க" என்றாள். திரும்பும் வரை அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

எனக்கு அந்தத் தொலைநோக்கி. புல்வெளி நடுவே கோயில் மதில் போல இரண்டு சுவர், நடுவில் பீரங்கியைப் படுக்க வைத்த மாதிரி 50 அடிக்கு மேல் நீளமான குழாய். மூன்றாம் ராஸ் பிரபு, வில்லியம் பார்சன்ஸ், 1845ல் அதை வேலைக்குக் கொண்டுவந்தார். 1917 வரை உலகத்தில் அதைவிடப் பெரிய கண்ணாடி வைத்த தொலைநோக்கி கிடையாது. அந்தக் கண்ணாடியே கண்ணாடி இல்லை, உலோகம் என்று நீ சொன்னபோதுதான் நான் கிட்டே போனேன். முப்பத்தோரு வருஷம் பவுண்டரியில் நின்றவனிடம் இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா!

செம்பு இரண்டு பங்கு, வெள்ளீயம் ஒரு பங்கு என்ற கணக்கு. 6 அடி அகலம், ஏறத்தாழ 3 டன். எங்கள் வேலையில் பித்தளையும் வெண்கலமும் வார்த்திருக்கிறோம். வெள்ளீயம் இவ்வளவு போட்டால் உலோகம் வெள்ளி மாதிரி மின்னும், ஆனால் அப்பளம் மாதிரி நொறுங்கும். அதில் 6 அடிக்கு வார்ப்பதென்றால் நான் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அவர் மூன்று உலைப் பாத்திரங்களில் உருக்கி ஒரே ஊற்றாக ஊற்றியிருக்கிறார். எரித்தது நிலக்கரிகூட இல்லை. சதுப்பு நிலத்தில் செங்கல் மாதிரி வெட்டிக் காயவைக்கிற டர்ஃப்தான். ஆள்களும் வெளியூர் நிபுணர்கள் கிடையாது, எஸ்டேட்டில் கூலி வேலை செய்தவர்களுக்கே தொழில் பழக்கியிருக்கிறார்.

மோல்டின் அடிப்பாகம் எப்படி என்று போர்டைப் பார்த்து நீ படித்துச் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? இரும்புப் பட்டைகளை விளிம்பில் நிறுத்தி நெருக்கமாக அடுக்கி, அதன் மேல் ஊற்றியிருக்கிறார். இடுக்கு வழியே காற்று போய்விடும், உருகினது போகாது. பிளோ ஹோல், அதுதான் காற்று அடைத்து விழுகிற ஓட்டை, விழாது. அடிப்பக்கம் முதலில் இறுகும், அதனால் முகம் சுத்தமாக வரும். இப்படி ஒரு மனுஷன் 1842ல் செய்திருக்கிறார் என்றால் எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது. நேற்று நம் தெரு டீக்கடையில் பழைய மோல்டர் இருவரிடம் சொன்னேன். ஒருவர் காகிதத்தில் வரைந்து காட்டச் சொன்னார். என் பையன் படித்துச் சொன்னது என்று சொன்னேன்.

வார்த்த பிறகு சூளைக்குள் வைத்து மூடிப் பதினாறு வாரம் ஆறவிட்டிருக்கிறார்கள். சீக்கிரம் திறந்தால் வெளிப்பக்கம் குளிர்ந்து உள்ளே சூடு நிற்கும், அங்கேதான் விரிசல். அப்படியும் சில வார்ப்பு வீணாய்ப் போனது. எங்கள் கணக்கில் ரிஜெக்ட். அதை உடைத்து மறுபடி உலையில் போட்டு மறுபடி வார்ப்போம், உலோகம் எங்கேயும் போகாது. இதை அங்கேயே உன்னிடம் சொல்ல வந்தேன், நீ சுவர் ஓரமாகப் போய்விட்டாய்.

வேலைக்கு வந்த அந்த வருஷமே, ஏப்ரல் வாக்கில், வானத்தில் மேகம் மாதிரி தெரிகிற ஒரு நட்சத்திரக் கூட்டத்தைப் பார்த்து அது சுழி சுழியாக இருக்கிறது என்று அவர் கையால் வரைந்தார். அதே சுழி வடிவத்தில் இப்போது தோட்டத்தில் மரங்களை நட்டு வைத்திருக்கிறார்கள், அம்மா அதற்குள் நடந்து வந்தாள். அந்த வருஷக் கடைசியிலேயே உருளைக்கிழங்கு அழுகி ஊரே பட்டினியில் விழுந்தது. அவர் வானம் பார்ப்பதை விட்டுவிட்டு ஊர் வேலையைப் பார்க்கப் போனார். அவர் மனைவி மேரி, சீமாட்டி, தொலைநோக்கிக்கே அவள் கொண்டுவந்த பணம்தான் என்றாய். கோட்டையைச் சுற்றி அகழி வெட்டுகிற வேலையை உண்டாக்கி நூற்றுக்கணக்கான பேருக்குக் கூலி கொடுத்தாள். 1848ல்தான் மறுபடி குழாயைத் தூக்கினார்கள். நடுவில் மூன்று வருஷம் அவ்வளவு பெரிய யந்திரம் சும்மா கிடந்தது. திரும்பத் தூக்கியபோதும் உலகத்திலேயே பெரியது அதுதான் தம்பி. ஒரு அங்குலம்கூடக் குறைந்துவிடவில்லை.

அவருடைய கடைக்குட்டி சார்லஸ்தான் 1884ல் நீராவி டர்பைன் செய்தது என்பதையும் அக்கா மகனிடம் சொன்னேன். அப்பன் பட்டறையிலேயே புழங்கி வளர்ந்த பிள்ளை. மேட்டூர் அனல் மின் நிலையத்தில் கரண்டுக்காகச் சுற்றுவதும் அந்த வழி வந்ததுதான்.

நன்றாகத் தூங்கு. காலையில் நான் பால் வாங்கி வரும்போது ஏழரை மணி, உன் பெயருக்குக் கீழே ஆன்லைன் என்று காட்டுகிறது. அங்கே அப்போது ராத்திரி மூன்று. தினமும் பார்க்கிறேன். தூக்கம் கெட்டால் உடம்பு கெடும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம். மாடி வாடகை வருகிறது, எனக்கு பென்ஷன் கொஞ்சம் வருகிறது, வீட்டு லோன் போன வருஷமே முடிந்துவிட்டது. அனுப்பினால் கோபித்துக்கொள்வேன். பல்லடத்து மாமா கேட்டார், உன் பையன் இப்போது என்ன சம்பளம் என்று. நல்ல சம்பளம் என்றேன். அவருக்கு எதற்கு அது?

அம்மா ஒன்று சொன்னாள். நாங்கள் இருந்த மூன்று வாரமும் உன் ஆபீஸ் சட்டைகள் அயர்ன் மடிப்புக் கலையாமல் அலமாரியில் தொங்கினபடியே இருந்தனவாம். இப்போதெல்லாம் ஆபீஸுக்கே டீஷர்ட் போட்டுப் போகிறார்கள் என்று நான்தான் சமாதானம் சொன்னேன். அதை விடு.

தம்பி, நான் உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்றைக்கு அந்தக் குழாய்க்கு அடியில் நின்று நீ சொன்னாய்: "ஆறு அங்குலக் கண்ணாடி தேய்க்கவே வாரக்கணக்கா ஆகும்ப்பா, இது ஆறு அடி." சொல்லிவிட்டு அப்படியே நிறுத்திக்கொண்டாய். நான் சுவரைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். நீ மறக்கவில்லை என்று தெரிந்துபோயிற்று.

நீ எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் தொலைநோக்கி செய்கிற முகாம் என்று 350 ரூபாய் கேட்டாய். நான் அடித்தேன். நட்சத்திரம் பார்த்தால் சோறு வருமா என்று கேட்டு அடித்தேன். நீ அழவில்லை. கையில் வைத்திருந்த நோட்டீஸை நாலாக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாய்.

அன்றைக்கு என் சட்டைப் பையில் நாற்பது ரூபாய் இருந்தது. பவுண்டரியில் எங்கள் ஷிப்டை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. காலை ஏழு மணிக்கு அம்மா கட்டித் தருகிற டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பி வ.உ.சி. பூங்காவில் போய் உட்கார்ந்திருப்பேன். பதினொரு மணிக்கெல்லாம் சாப்பிட்டுவிடுவேன், வேறென்ன வேலை? அப்புறம் கூண்டில் இருக்கிற மயிலைப் பார்ப்பேன். தெரிந்தவர் யாராவது வந்தால் எழுந்து மறுபக்கம் போவேன். ஐந்தரைக்கு வீடு. ஐந்து மாதம் இப்படி. உன்னை அடித்தது அந்த நாட்களில் ஒருநாள். நீ என்ன தப்பு செய்தாய்? பணம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, கைதான் வந்தது.

யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை திரும்பக் கிடைத்து முதல் நாள் வந்தபோது உங்கம்மா என் சட்டையை வாளியில் முக்கிவிட்டு, தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "இன்னிக்குத்தான் தண்ணி கறுக்குது" என்றாள். முதல் வாரத்திலிருந்தே அவளுக்குத் தெரியும். கரிமணலில் நிற்கிறவன் சட்டையைத் துவைத்தால் தண்ணீர் மை மாதிரி வரும், ஐந்து மாதமாகத் தெளிந்த தண்ணீராகவே வந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்கவில்லை, தினமும் சோறு கட்டிக் கொடுத்தாள். தோடு இரண்டையும் அடகு வைத்துவிட்டுக் காதில் குச்சி போட்டுக்கொண்டு, புண் என்று எனக்குச் சொன்னாள்.

அவள் அப்போதே கேட்டிருந்தால் நான் இன்னும் தூரமாகப் போய் உட்கார்ந்திருப்பேன். கேட்காமலும் இருந்திருக்கக் கூடாது. எது சரி என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. நானாகச் சொல்லியிருக்க வேண்டும், அது மட்டும் புரிகிறது. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்த அந்த ஐந்து மாதத்தில் நான் யாரிடமாவது சொல்லியிருந்தால் உன்னை அடித்திருக்க மாட்டேன்.

அந்த முகாமுக்கு உன்னை அனுப்பாததற்கு என்னை மன்னித்துவிடு கண்ணு. 350 ரூபாய். புதன்கிழமை நீ எங்களுக்கு டிக்கெட் வாங்கியபோது அதுதான் தொண்டையில் நின்றது.

அக்காவிடம் இதைக் காட்டாதே. குல்லா போட்டுக்கொள். அந்த ரசப்பொடி டப்பாவின் மூடி சரியில்லை, ஈரம் படாமல் மேல் அலமாரியில் வை.

காலை ஏழரைக்கு உங்கம்மா கோயிலுக்குப் போய்விடுகிறாள். எட்டேகால் வரை வீட்டில் நான் மட்டும்தான். போனைக் கையில்தான் வைத்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா