ஆள் கணக்கு

போடி
ஞாயிறு இரவு

அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அம்மாவும் நலம். அடுத்த வரியில் உன் நலம் என்று எழுதுவதா, உங்கள் நலம் என்று எழுதுவதா என்று பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எப்போதும் எழுதுவது போலவே எழுதிவிடுகிறேன். உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல்.

உன் மஹிந்திரா தார் ஜீப்பை உயர்த்துகிற வேலைக்கு நீ அனுப்பிய மூன்று கொட்டேஷனும் பார்த்தேன். இரண்டு மாதமாக ‘சாப்பிட்டேன்’, ‘வேலை இருக்கு’, ‘அப்புறம் பேசுறேன்’ தவிர வேறு பேச்சில்லாத பிள்ளை, “தாருக்கு லிப்ட் போடப் போறேன், இதுல எதுப்பா நல்லது?” என்று கேட்டிருக்கிறாய். அம்மாவிடம் காட்டினேன். படித்து, சென்னையில் இவ்வளவு பெரிய வேலையில் இருக்கிற பிள்ளை ஜீப் டிரைவரிடம் யோசனை கேட்கிறான் என்று அவளுக்கு ஒரே பெருமை. எனக்கும்தான். நீ அனுப்பிய நேரம் ராத்திரி 2.40 என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

போனில் சொன்னால் ‘ம்’, ‘ம்’ என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். கடிதம் என்றால் நான் முடிக்கிற வரைக்கும் நீ குறுக்கே வர முடியாது.

முதல் சீட்டு, ஸ்பேசர். ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு கட்டை வைத்துத் தூக்குகிற வேலை. விலை குறைவு, அரை நாளில் முடிந்துவிடும். ஆனால் அதே ஸ்பிரிங், அதே ஷாக்அப்சர். சக்கரம் மேலும் கீழும் போய்வர ஒரு தூரம் வைத்திருப்பான் இல்லையா, அதில் கீழே இறங்குகிற பங்கைத் திருடி வண்டியை உயரமாக்குகிறாய். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது தொங்குவதற்கு மிச்சமில்லாமல் டமார் என்று முட்டும். நின்றால் எடுப்பாக இருக்கும், ஓடினால் தெரியும். வேண்டாம்.

மூன்றாவது சீட்டைக் கிழித்துப் போட்டுவிடு. 4 இஞ்சு லிப்ட், 33 இஞ்சு டயர். உன் வண்டியில் முன்பக்கம் எங்கள் காலத்து ஜீப் போல ஒரே ஆக்சில் கிடையாது. இரண்டு சக்கரமும் தனித்தனி, மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம், நடுவில் காயில். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு தார் வந்திருந்தது, உயர்த்தின வண்டி. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அடியில் படுத்துப் பார்த்தேன். இந்த வயதில் உங்களுக்கு எதுக்கு இந்த வேலை என்று அம்மா இரண்டு நாள் திட்டினாள்.

முன் சக்கரத்தைச் சுழற்றுகிற ஆக்சிலின் முனையில், ஜாயின்ட்டை மூடி ஒரு ரப்பர் பூட் இருக்கும், துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக. வண்டி கம்பெனி உயரத்தில் நிற்கும்போது ஆக்சில் கிட்டத்தட்டப் படுத்த வாக்கில் இருக்கும். அந்த வண்டியில் அது சரிவாக இறங்கியிருந்தது. பூட்டின் கீழ்ப்பக்க மடிப்புகள் விரிந்தும் மேல்பக்க மடிப்புகள் ஒன்றோடொன்று உரசியும் நின்றன. உரசின இடத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல். அது வழியாகக் கிரீஸ் தெறித்து வீலின் உள்பக்கம் முழுக்கக் கருப்பாக அப்பியிருந்தது. விரலால் தொட்டுத் தேய்த்தேன், நறநற என்றது. மண் உள்ளே போய்விட்டது. இனி அந்த ஜாயின்ட்டுக்கு ஆயுள் கிடையாது. லிப்ட் மாட்டி எட்டு மாதம்தானாம். 2 இஞ்சு வரைக்கும் இந்த ஜாயின்ட் ஒருவாறு தாங்கும். அதற்கு மேலே போனால் மேல் ஆர்மை மாற்று, அலைன்மென்ட் நிற்காது, பிரேக் ஹோஸ் எட்டாது, பின்னாலே சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகிற கார்டன் ஷாப்ட் சாய்ந்து அதிரும், பின் ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கிற கம்பி அதை ஒரு பக்கமாக இழுக்கும் என்று ஒன்றின் வாலைப் பிடித்து இன்னொன்று வரும். 2 இஞ்சுக்கு மேல் வேண்டாம் தம்பி.

இன்னொன்று. நீங்கள் எல்லாம் லிப்ட் போட்டால் கல்லில் இடிக்காது என்று நினைக்கிறீர்கள். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் பின் ஆக்சிலில் நடுவில் தொங்குகிற டிஃப்ரன்ஷியல் குண்டு ஒரு நூல்கூட மேலே வராது. அது சக்கரத்தோடு போகிற சாமான். அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். உன் 18 இஞ்சு வீலில் இப்போது நிற்கிற டயர் ஏறக்குறைய 31 இஞ்சு உயரம். 33 போட்டாலும் அந்தக் குண்டுக்குக் கிடைப்பது 1 இஞ்சுதான். அந்த ஒரு இஞ்சுக்கு ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லும். அது 80 காட்டும்போது நீ 85-இல் போய்க்கொண்டிருப்பாய். லிப்ட் உயர்த்துவது பாடியை. மேட்டில் ஏறும்போது மூக்கு இடிக்காமலும், வரப்பு தாண்டும்போது வயிறு தட்டாமலும் இருக்கும், அவ்வளவுதான். தரைக்கும் வண்டியின் அடிக்கும் நடுவில் கம்பெனியே 226 மில்லிமீட்டர் கொடுத்திருக்கிறான். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுகிற ஜீப்புகளைச் சின்ன வயதில் எத்தனை தடவை பார்த்திருப்பாய். பெரும்பாலும் பழைய பட்டை ஸ்பிரிங் வண்டிகள். ஃபோர் வீல், லோ கியர், நிதானம். அந்தப் பாறையில் அவர்கள் போகவில்லையா?

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் இருக்கிற விவரம் கம்பெனி கொடுத்ததற்கு மாறிப்போகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதைத்தான் சொன்னது. ஃபைன் கட்டிவிடலாம் என்பாய். நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரன் முதலில் அடியில்தான் குனிந்து பார்ப்பான். என்னைக் கேட்டால் ஒரு வருஷம் அப்படியே ஓட்டு. கேட்க மாட்டாய், அது எனக்குத் தெரியும்.

சரி, இரண்டாவது சீட்டு. 2 இஞ்சு, நான்கு ஸ்பிரிங்கும் நான்கு ஷாக்அப்சரும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக வருகிறது. போட்டே ஆக வேண்டும் என்றால் இதுதான். ஆனால் அந்தச் சீட்டில் ஒரு கட்டம் இருக்கிறது, நீ நிரப்பவில்லை. எப்போதும் வண்டியில் இருக்கிற பாரம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறான். அதை வைத்துத்தான் லைட், மீடியம், ஹெவி என்று ஸ்பிரிங் கொடுப்பான். ஆள் இல்லாத வண்டிக்கு ஹெவி போட்டால் மாட்டு வண்டி மாதிரி குதிக்கும், வளைவில் பிடிக்காது. நான்கு பேர் போகிற வண்டிக்கு லைட் போட்டால் பின்னாலே உட்கார்ந்துவிடும். வின்ச் மாட்டியிருக்கிறாயா, மேலே கேரியர் இருக்கிறதா என்பதெல்லாம் உன் படத்திலேயே தெரிகிறது. ஆள் கணக்குத்தான் தெரியவில்லை. ஸ்பிரிங்குக்காகத்தான் கேட்கிறேன். வழக்கமாக எத்தனை பேர் போகிறீர்கள்?

பின் ஸ்பிரிங்கைக் காட்ட நீ எடுத்த படத்தில் கதவு திறந்திருந்தது. சீட்டை மடித்து, பாயைச் சுருட்டி வைத்திருக்கிறாய். மேலே தலையணை. அம்மா சிவப்புப் பூப்போட்ட உறை தைத்துக் கொடுத்தாளே, அது. பாப்பாவின் சீட் பின்னால் இல்லை. ஆஃப்ரோடு போகிறவர்கள் வண்டியிலேயே படுப்பார்கள் என்று அம்மா கேட்பதற்கு முன்பே நானாகச் சொல்லிவிட்டேன். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள், ஒன்றும் பேசவில்லை. வண்டியில் படுத்தால் இரண்டு பக்கமும் கண்ணாடியை ஒரு விரல் இறக்கி வை. இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் தூங்காதே. எந்தக் காரணம் கொண்டும் தூங்காதே. புகை உள்ளே வந்தால் தெரியவே தெரியாது.

போன புதன்கிழமை சம்பந்தி வீட்டு நம்பரிலிருந்து பாப்பா பேசினாள். பல் விழுந்துவிட்டதாம், கூரையில் போட்டாளாம். பள்ளிக்கூடம் இருக்கிற நாள். லீவா என்று நான் கேட்கவில்லை. 4 இஞ்சு தூக்கினால் பாப்பா அந்த வண்டியில் எப்படி ஏறுவாள் என்று யோசித்தாயா? அம்மாவின் முழங்காலுக்கு 2 இஞ்சே அதிகம். படி ஒன்று மாட்டிவிடு.

நீ கெட்டிக்காரன். எட்டாம் வகுப்பிலேயே நம் கமாண்டர் ஜீப்பின் கார்புரேட்டரைக் கழற்றுகிறேன் என்று வந்தாய், அது டீசல் வண்டி என்று எல்லோரும் சிரித்தோம். அதிலிருந்துதான் எதையும் என்னிடம் கேட்காமல் தானாகவே செய்ய ஆரம்பித்தாய். வண்டி வாங்கினதைக்கூட வாங்கின பிறகுதான் சொன்னாய். தப்பென்று சொல்லவில்லை. இந்தப் பழக்கம் யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

போடிமெட்டு 11-ஆவது வளைவு. 1998 ஐப்பசி. உனக்கு நான்கு வயது, அப்பத்தாவிடம் விட்டுவிட்டுப் போயிருந்தோம். பிரேக் பிடிக்கவில்லை என்றுதான் இத்தனை வருஷமும் நம் வீட்டில் பேச்சு. முந்தின நாள் பிரேக் வேலை பார்த்தது உன் தாய்மாமன்.

பிரேக் பிடித்தது தம்பி.

அதற்கு ஒரு மாதம் முன்னால் நான் யாருக்கும் சொல்லாமல் பின் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை சேர்த்துக் கட்டினேன், ஸ்பிரிங்கை வண்டிச் சட்டத்தோடு பிடித்திருக்கிற சேக்கிளையும் நீளமாக மாட்டினேன். ஏலத்தோட்டத்துக்கு இன்னும் நான்கு ஆள் கூடுதலாக ஏற்றலாம் என்பது ஒரு காரணம். ஸ்டாண்டில் வரிசையாக நிற்கிற ஜீப்புகளில் என்னுடையது மட்டும் ஒரு சாண் உயரமாக நிற்க வேண்டும் என்பதுதான் நிஜமான காரணம். ஆள் நிறைய ஏறினால் வண்டி அடங்கிப் போகும். அன்றைக்கு இறங்கும்போது நானும் அம்மாவும் மட்டும். நல்ல மழை. வளைவில் பிரேக்கை மிதித்தேன். பாரமெல்லாம் முன்னாலே போய்விட்டது. அந்த இரும்புப் பட்டை கொஞ்சமும் வளைந்து கொடுக்காமல் பின்பக்கத்தை எகிறவிட்டது. பின் சக்கரங்கள் ரோட்டிலேயே இல்லை. பிரேக் எதைப் பிடிக்கும்? மலைப்பக்கம் சாய்ந்ததால் பிழைத்தோம். அம்மாவின் இடது கை கதவுக்கும் பாறைக்கும் நடுவில்.

ஆஸ்பத்திரிக்கு எல்லோரும் வந்து என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்றார்கள். பிரேக் என்று சொல்லிவிட்டேன். ஒரே வார்த்தை. மாமன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். மறுத்து ஒன்றும் பேசாமல் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். ராத்திரியோடு ராத்திரியாகப் போய் அந்த இரண்டு பட்டையையும் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டேன். தை மாதம் உனக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடி இல்லாமல் சித்தப்பா மடியில் உட்கார்ந்து நீ அழுத அழுகை கோயில் முழுக்கக் கேட்டது. அம்மா தன் கூடப்பிறந்தவனைப் பற்றி அதற்குப் பிறகு என்னிடம் பேசியதே இல்லை. அவளுக்கு உண்மை தெரியும் என்று சில நாள் தோன்றும். நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த ஒரு வருஷம் நான் வீட்டில் படுத்ததைவிடத் தோட்டத்து ஷெட்டில் வண்டிக்குள் படுத்ததுதான் அதிகம். ட்ரிப் இருக்கிறது, ட்ரிப் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே.

லிப்ட் பற்றி எழுத உட்கார்ந்து எங்கேயோ போய்விட்டேன். மாமன் சின்னமனூரில்தான் இருக்கிறான். அடுத்த வாரம் போகலாம் என்றிருக்கிறேன். பஸ் ஏறும்வரை நிச்சயமில்லை.

2023 ஜூனிலிருந்து சென்னையிலிருந்து நேராகப் போடிக்கே ரயில் வருகிறது, வாரத்தில் மூன்று நாள். ராத்திரி ஏறினால் காலையில் வீடு. வண்டியை எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் தனியாக ஓட்டி வர வேண்டாம். ஓட்டித்தான் வருவேன் என்றால் மெதுவாக வா. 2 இஞ்சுக்கு மேல் வேண்டாம்.

கடைக்காரனுக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு அளவு எடுத்து அனுப்பு. சமமான தரையில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் நடு ஹப்பிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் பிடித்து அளந்து எழுது. காலி வண்டியில் எடுத்தால் கணக்குத் தப்பும். வழக்கமாக யார் யார் ஏறுவார்களோ அவர்களை ஏற்றி உட்கார வைத்து அளக்க வேண்டும்.

அப்பா